லாஸ் வேகஸ் போகும் முன் என்ன படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள், கம்பெனி மாநாட்டுக்குப் போகிறவர்கள் என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் “வேகஸ் போகிறோம், என்ன பார்க்கலாம்?” என்று கேட்கிறார்கள். நான் பதிலுக்குப் புத்தகப் பெயர்களை அனுப்புவேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள்தான் இவை. புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. தமிழில் படிக்க நினைப்பவர்களுக்கும் கீழே ஒரு பதில் இருக்கிறது.

நாலு நாள் ஜாலியாக இருக்கப் போகிறோம். அதற்குப் புத்தகம் எதற்கு? யூடியூப் போதாதா?

எந்த பஃபேயில் இறால் நன்றாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள யூடியூப் போதும். ஆனால் அந்த ஊரில் கண்ணில் படுவதெல்லாம் நம் கண்ணில் படவேண்டும் என்றே வைத்தவை. ஊரை நடத்துகிற சங்கதிகள், அதாவது தண்ணீர் வரும் வழி, பணம் எண்ணும் அறை, சூதாட்ட மிஷினுக்குள் இருக்கும் கணக்கு எல்லாம் பின்கட்டில் இருக்கின்றன. முதல் தடவை நான் எதுவும் படிக்காமல்தான் போனேன். இரண்டு நாள் விளக்குகளைப் பார்த்தேன், கால் வலித்தது, திரும்பி வந்தேன். என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டபோது “பெரிசா இருக்கு” என்பதைத் தாண்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை சில புத்தகங்களைப் படித்துவிட்டுப் போனேன். அதே கட்டடத்தில், ஆட்டக்காரரை எழவிடாமல் இருக்க அமைத்த தரைவிரிப்பையும் நாற்காலியின் உயரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் எரிச்சல்.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் இருக்கிறது. எது?

காசு போட்டுப் பொத்தானைத் தட்டி ஆடும் ஸ்லாட் மிஷினில் கைவைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், நடாஷா டவ் ஷூல் எழுதி 2012-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘அடிக்‌ஷன் பை டிசைன்’. அந்த எண்ணம் இல்லையென்றால் கீழே தண்ணீர் பற்றிய பதிலில் வருகிற ‘கேடிலாக் டெசர்ட்’.

ஷூல் ஒரு மானுடவியலாளர். பழங்குடி கிராமத்துக்குப் போய்த் தங்குவதுபோல வேகஸில் தங்கி, மிஷின் ஆடுகிறவர்களோடும் மிஷினை வடிவமைக்கிறவர்களோடும் பல வருடம் பேசியிருக்கிறார். அவர் கண்டதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இது: முற்றிப்போன ஆட்டக்காரர்கள் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். பெரிய தொகை விழுந்தால்கூடச் சிலருக்கு எரிச்சல்தான், ஏனென்றால் ஓட்டம் தடைபடுகிறது. நேரம், வீடு, உடம்பு எதுவும் நினைவில் இல்லாத ஒரு நிலை. மிஷினும் அந்த நிலையைக் கலைக்காமல் இருக்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. கைப்பிடி போய்ப் பொத்தான் வந்தது, நாணயம் போய்ச் சீட்டு வந்தது. ஒரு டாலர் கட்டி முப்பது சென்ட் திரும்பி வந்தாலும், அதாவது எழுபது சென்ட் தோற்றாலும், ஜெயித்ததுபோல மணியடிக்கும்.

ஒருவர் மாரடைப்பு வந்து கீழே விழுந்து கிடக்கும்போதும் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தாத காட்சி அதில் வருகிறது. அதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நடுநடுவே கல்வித்துறை நடை கொஞ்சம் கனமாக இருக்கும். அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனால் தப்பில்லை.

இன்னொன்று. இந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர், உள்ளூர்க்காரர்கள். வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும்கூட மிஷின் இருக்கிறது. ஏன், விமானத்தைவிட்டு இறங்கியதும் பெட்டி எடுக்கப் போகிற வழியிலேயே இருக்கிறது.

ஜெயிக்கக் கற்றுத்தரும் புத்தகம் எதுவும் உண்டா?

ஒன்று உண்டு, அதுவும் 1962-இலேயே வந்துவிட்டது. எட்வர்ட் தோர்ப் என்ற கணித ஆசிரியர் எழுதிய ‘பீட் த டீலர்’. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் ஏற்கெனவே இறங்கிய சீட்டுகள் மறுபடி வராது. ஆகவே சீட்டுக்கட்டில் மீதி என்ன இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், சில நேரங்களில் கணக்கு ஆட்டக்காரர் பக்கம் சாயும். அந்த நேரத்தில் கட்டும் பணத்தைக் கூட்டு, மற்ற நேரத்தில் குறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியை வைத்து இதைக் கணக்கிட்டு, நெவாடாவுக்கே போய் மேசையில் உட்கார்ந்து சோதித்தும் பார்த்தார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1964-இல் சில கேசினோக்கள், அதாவது சூதாட்ட விடுதிகள், பயந்துபோய் ஆட்ட விதியையே மாற்றின. வாடிக்கையாளர் வரத்துக் குறைந்ததும் பேசாமல் பழைய விதிக்குத் திரும்பின.

இதே தோர்ப், தகவல் கோட்பாட்டின் தந்தை என்று சொல்லப்படும் கிளாட் ஷானனோடு சேர்ந்து, ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று ஊகிக்க உடம்பில் மறைத்துக் கட்டிக்கொள்ளும் ஒரு குட்டிக் கணினியையும் செய்தார். 1961-இல் அதை வேகஸுக்கே எடுத்துப்போய்ப் பார்த்தார்கள். இன்று அதைக் கட்டிக்கொண்டு போனால் ஜெயில்தான். 1985-இல் நெவாடா அதற்கென்றே சட்டம் போட்டது.

சரி, இதைப் படித்தால் நாம் ஜெயிப்போமா? மாட்டோம். இப்போது பல மேசைகளில் ஆறு கட்டுச் சீட்டு, எட்டுக் கட்டுச் சீட்டு. மனத்தில் எண்ணுவது குற்றமில்லை என்றாலும், கண்டுபிடித்தால் “நீங்கள் கிளம்பலாம்” என்று சொல்லிவிடுவார்கள். ஆனாலும் தோர்ப்பைப் படித்தவர் மேசையில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்தைப் பார்ப்பார். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், அதாவது பிளாக்ஜாக் விழுந்தால், 3-க்கு 2 என்று தரும் மேசையில் 10 டாலருக்கு 15 டாலர் கிடைக்கும். 6-க்கு 5 மேசையில் 12 டாலர்தான். துணியும் சீட்டுப் போடும் டீலரும் புன்னகையும் இரண்டிலும் ஒன்றுதான். ரூலெட்டுக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள், ஆனால் 36 குழி இருப்பதாக வைத்துக்கொண்டு பணம் தருகிறார்கள். அதனால் கட்டுகிற ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 5.26 டாலர் ‘வீட்டுக்கு’, அதாவது கேசினோவுக்குப் போகிறது. உங்கள் வீட்டுக்கு அல்ல.

எம்.ஐ.டி. மாணவர்கள் கோடிகோடியாக ஜெயித்த கதை உண்மையா?

பென் மெஸ்ரிச்சின் ‘பிரிங்கிங் டவுன் த ஹவுஸ்’ பற்றிக் கேட்கிறீர்கள், ‘21’ என்ற படமாக வந்ததே. அப்படிச் சீட்டெண்ணி ஆடிய ஒரு குழு இருந்தது உண்மை, ஜெயித்ததும் உண்மை. ஆனால் புத்தகத்தில் உள்ள பல காட்சிகள் நடந்த மாதிரி எழுதப்படவில்லை என்பது பிறகு வெளியானது. விமானத்தில் படிக்க ஜோராக இருக்கும். அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ‘ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகஸ்’ படி என்கிறார்கள். படிக்கவா?

படியுங்கள், ஆனால் போய்வந்த பிறகு. ஹன்டர் தாம்ப்சன் 1971-இல் ஒரு பாலைவன மோட்டார்சைக்கிள் பந்தயத்தைப் பற்றிச் செய்தி எழுத வேகஸ் போனார். ‘மின்ட் 400’ என்று பெயர். புழுதியில் ஒரு வண்டியும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு அரசு வழக்கறிஞர்களின் போதைப்பொருள் ஒழிப்பு மாநாட்டுக்கு, தலைக்கேறிய போதையோடே போனார். அதுதான் கதை. முதலில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் இரண்டு பகுதியாக வந்து, 1972-இல் ரால்ஃப் ஸ்டெட்மனின் கோரமான ஓவியங்களோடு புத்தகமானது.

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இது வேகஸைப் பற்றிய புத்தகம் இல்லை என்பது என் கட்சி. அறுபதுகளின் கனவு கலைந்த பிறகு ஒரு தலைமுறைக்கு வந்த தலைவலியைப் பற்றியது. முதலில் இதைப் படித்துவிட்டுப் போனால் அந்த ஊரில் தாம்ப்சனைத்தான் தேடுவீர்கள். அங்கே இருக்கப்போவதோ குழந்தை வண்டி தள்ளும் குடும்பங்கள். பெண்களைப் பற்றியும் பிற இனத்தவரைப் பற்றியும் வரும் சில இடங்கள் இன்று படிக்கக் கசக்கின்றன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாஃபியா கதை வேண்டும்.

நிக்கோலஸ் பிலெஜியின் ‘கேசினோ’ (1995). ஸ்கார்செஸியின் அதே பெயர்ப் படத்துக்கு மூலம் இதுதான். படத்தில் ‘டாஞ்சியர்ஸ்’ என்று வரும் ஹோட்டல் நிஜத்தில் ஸ்டார்டஸ்ட், டி நீரோ நடித்த பாத்திரம் நிஜத்தில் அந்த ஹோட்டலை நடத்திய ஃபிராங்க் ரோசந்தால். 1982-இல் அவருடைய கேடிலாக் காரில் குண்டு வைத்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கார் கம்பெனி வைத்திருந்த உலோகத் தகடு அவரைக் காப்பாற்றியது.

துப்பாக்கிச் சூட்டைவிட எனக்குச் சுவையாக இருந்தது திருட்டின் நுட்பம்தான். கேசினோவில் விழும் நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எடைபோட்டுத்தான் கணக்கிடுவார்கள். அந்தத் தராசிலேயே கைவைத்துவிட்டார்கள். எடை குறைவாகக் காட்டும், மிச்சம் கணக்கில் வராது, வரியும் கிடையாது. நம் ஊர் ரேஷன் கடையை நினைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கங்களைப் படித்தேன்.

ஸ்டார்டஸ்ட் இன்று இல்லை, 2007-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் பழைய நகரப் பகுதியில் மாப் மியூசியம் இருக்கிறது. 1950-இல் செனட்டர் கிஃபாவர் தலைமையிலான குழு மாஃபியாவைப் பற்றி விசாரணை நடத்திய அதே நீதிமன்றக் கட்டடம். புத்தகத்தைப் படித்துவிட்டு அங்கே போனால் அரை நாள் போவதே தெரியாது.

கட்டடங்களைப் பார்த்தால் ஈஃபில் கோபுரம், பிரமிட் எல்லாமே போலி. இதில் படிக்க என்ன இருக்கிறது?

இதே முகச்சுளிப்போடுதான் ஒரு காலத்தில் கட்டடக்கலை உலகமும் இருந்தது. 1968-இல் ராபர்ட் வென்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனூர் மூவரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துக்கொண்டு போய், கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் தெருவை ரோமாபுரியை ஆராய்வதுபோல அளந்து வந்தார்கள். 1972-இல் ‘லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ்’ வந்தது. காரில் வேகமாகப் போகிறவனுக்குக் கட்டடம் தெரியாது, பலகைதான் தெரியும். அதனால் பலகை பெரிதாகவும் கட்டடம் அதன் பின்னால் வெறும் கொட்டகையாகவும் ஆகிவிடுகிறது. மதுரை பைபாஸில் ஒரு தடவை போனவருக்கு இது உடனே புரியும்.

அவர்கள் அளந்த தெரு இன்று அநேகமாக இல்லை. பலகைகளில் தப்பியவை நியான் மியூசியத்தில் கிடக்கின்றன, ஸ்டார்டஸ்டின் எழுத்துகள் உட்பட. நடுவில் படங்களாலேயே பேசும் புத்தகம் இது, ஆகவே கிண்டிலில் வாங்க வேண்டாம்.

இது சம்பந்தமாக ஒரு வேடிக்கை: நாம் வேகஸ் என்று நினைக்கும் ஸ்டிரிப் தெருவின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் மாநகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது.

பாலைவனத்தில் இத்தனை தண்ணீர் எப்படி? அதைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். மார்க் ரைஸ்னரின் ‘கேடிலாக் டெசர்ட்’ (1986). அமெரிக்க மேற்குப் பகுதி முழுக்க அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஆற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட கதை. தடிமனான புத்தகம், ஆனால் துப்பறியும் கதைபோல ஓடும். காவிரித் தகராறைப் பேப்பரில் படித்து வளர்ந்த நமக்கு அமெரிக்கர்களைவிட வேகமாக ஓடும் என்றே நினைக்கிறேன்.

கொலராடோ ஆற்றை 1922-இல் ஓர் ஒப்பந்தத்தில் பங்கு போட்டார்கள். ஆற்றில் வழக்கமாக வருவதைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட பங்கு. 1928 சட்டத்தின்படி அதில் நெவாடாவுக்கு வந்தது வருடத்துக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம் (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி). அன்று அது அநியாயமாக யாருக்கும் படவில்லை. 1930 கணக்கெடுப்பில் லாஸ் வேகஸில் இருந்தவர்களே சுமார் 5,000 பேர். இன்று அதைச் சுற்றிய கிளார்க் கவுன்டியில் 20 லட்சத்துக்கும் மேல். பங்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்குள் பயன்படும் தண்ணீரில் ஏறக்குறைய முழுவதையும் சுத்தம் செய்து, ஊருக்குத் தண்ணீர் தரும் மீட் ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். சும்மா அழகுக்கு வைத்த புல்வெளியைப் பிடுங்க 2021-இல் சட்டமும் போட்டார்கள். நீரூற்று நடனத்தைப் பார்த்து “எவ்வளவு வீண்!” என்று சொல்ல வாயெடுக்கும் முன் இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. ரைஸ்னர் எழுதிய பிறகு நடந்தவை இவை. அவர் இருந்திருந்தால் இன்னொரு அத்தியாயம் சேர்த்திருப்பார்.

படித்த கையோடு, அதே கொலராடோ ஆற்றின் குறுக்கே நிற்கும் ஹூவர் அணைக்குப் போங்கள். ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1931-இல் தொடங்கி 1935-இல் முடித்த அணை, உயரம் 221 மீட்டர். அதன் பின்னால் அந்த மீட் ஏரி. வற்றிய குளத்துப் படிக்கட்டில் தெரியும் பாசிக்கோடு போல, பாறைச் சுவர் நெடுக வெள்ளைப் பட்டை ஓடும். தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. 2022 ஜூலையில், 1937-க்குப் பிறகு இல்லாத அளவுக்கு இறங்கியது. அந்த மே மாதம் கரையில் ஒரு பீப்பாய் வெளிப்பட்டது. உள்ளே பல பத்தாண்டுகளுக்கு முன் சுடப்பட்ட ஒருவரின் எலும்புகள். மாஃபியாப் புத்தகமும் தண்ணீர்ப் புத்தகமும் அந்தச் சேற்றில் ஒன்றாகிவிட்டன.

அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக அரசு உருவாக்கிய போல்டர் சிட்டி பக்கத்திலேயே இருக்கிறது. நெவாடாவில் இருந்தும் அங்கே சூதாட்டத்துக்கு இன்றுவரை தடை. காபி குடிக்க அமைதியான ஊர்.

தடிப் புத்தகம் வேண்டாம் என்றால், ஜோன் டிடியன் அணையைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரை ‘த வைட் ஆல்பம்’ தொகுப்பில் இருக்கிறது. கால் மணி நேரம் போதும். பாலைவனத்தின் செடி, பறவை, வெயில் பற்றி வேண்டுமென்றால் மேரி ஆஸ்டினின் ‘த லேண்ட் ஆஃப் லிட்டில் ரெய்ன்’. 1903-இல் வந்தது, காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம்.

அங்கே போய்த் திடீர்க் கல்யாணம் செய்துகொள்கிறார்களே, அது?

மறுபடியும் டிடியன். 1960-களில் எழுதிய கட்டுரை, ‘ஸ்லவுச்சிங் டுவர்ட்ஸ் பெத்லஹெம்’ தொகுப்பில். 1965 ஆகஸ்ட் 26 இரவில் மட்டும் 171 ஜோடிகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். நள்ளிரவுக்குப் பிறகு மணமுடித்தால் வியட்நாம் போருக்குப் போகாமல் தப்ப முடியாது என்று அரசு அறிவித்திருந்தது. அவற்றில் 67-ஐ ஒரே ஆள் நடத்திவைத்தார். நம் ஊர் முகூர்த்த நாள் மண்டபங்களும் தோற்றுவிடும்.

நாவல் ஏதாவது?

டோனா டார்ட்டின் ‘த கோல்ட்ஃபிஞ்ச்’ (2013). நியூயார்க்கில் தாயை இழந்த பையன் வேகஸ் ஓரத்தில், கட்டிவிட்டு யாரும் குடிவராத வீடுகளுக்கு நடுவே வளரும் பகுதி அபாரம். தெரு முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. அந்தப் பகுதிக்காகவே முழு நாவலையும் பொறுத்துக்கொள்ளலாம். சிறுகதை பிடிக்குமென்றால் கிளேர் வே வாட்கின்ஸின் ‘பேட்டில்பார்ன்’ (2012). அந்தப் பாலைவனத்திலேயே வளர்ந்தவர், கண் வேறு மாதிரி இருக்கிறது.

கறுப்பர்கள், பழங்குடிகள் பற்றி?

கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியரின் தன்வரலாறு ‘எஸ் ஐ கேன்’ (1965). மேடையில் அவர் பாட்டுக்குக் கைதட்டிய ஹோட்டல்களிலேயே அவருக்கு அறை கிடையாது. எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்ட முதல் கேசினோ ஹோட்டலான மூலான் ரூஜ் 1955-இல்தான் வந்தது, அதுவும் சில மாதங்களில் மூடிவிட்டது. பழங்குடிகள் தரப்பில், சாரா வினமுக்கா 1883-இல் எழுதிய ‘லைஃப் அமங் த பையூட்ஸ்’. அவர் வடக்கு நெவாடாக்காரர். வேகஸ் இருப்பது தெற்குப் பையூட் மக்களின் நிலம்.

நாங்கள் நெவாடாவின் இன்னொரு சூதாட்ட ஊரான ரீனோ போகிறோம், வேகஸ் இல்லை.

அப்படியானால் மார்க் ட்வெய்னின் ‘ரஃபிங் இட்’ (1872). வெள்ளிச் சுரங்க ஆசையில் திரிந்து ஒன்றும் தேறாமல், பக்கத்து வர்ஜீனியா சிட்டியில் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்தார். மார்க் ட்வெய்ன் என்ற புனைபெயர் அங்கேதான் பிறந்தது.

தமிழில் ஒன்றுமே இல்லையா?

வேகஸ் பற்றி நான் கைநீட்டிக் கொடுக்கும்படி ஒரு தமிழ்ப் புத்தகம் இல்லை. சூதைப் பற்றி என்றால் நம்மிடம் பஞ்சமா? வில்லிபாரதத்தில் சூதுபோர்ச் சருக்கம், பாரதியின் பாஞ்சாலி சபதம், புகழேந்தியின் நளவெண்பா. இவற்றைப் படித்துவிட்டுப் போனால் ஒரு வித்தியாசம் உறைக்கும். நம் கதைகளில் எதிரே ஒரு சகுனியோ புட்கரனோ உட்கார்ந்திருப்பான், கோபப்பட ஒரு முகம் இருக்கும். வேகஸில் சகுனி இல்லை. 5.26 என்ற எண் மட்டும் இருக்கிறது, அதன்மேல் யார் கோபப்படுவது?

அப்புறம் திருக்குறளின் 94-ஆம் அதிகாரம். சூதில் கிடைக்கும் வெற்றி, தூண்டில் முள்ளை இரை என்று மீன் விழுங்கியது போல என்கிறது 931. இழக்க இழக்க ஆசை ஏறும் என்கிறது 940. ஷூல் பல வருடம் ஆராய்ந்து முன்னூறு பக்கத்துக்கு மேல் எழுதியதன் கரு அந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது. ஆனால் தரைவிரிப்பு பற்றி வள்ளுவர் எதுவும் சொல்லவில்லை, ஆகவே ஷூலையும் படியுங்கள்.

எப்போது, எங்கே படிப்பது? அங்கேயே வாங்கலாமா?

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் போவதாக இருந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஒலிப்புத்தகத்துக்குத் தோதான சாலை. நடுவே பேக்கர் என்ற ஊரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானி நிற்கும். பக்கத்து டெத் வேலியில் 1913-இல் பதிவான 134 ஃபாரன்ஹீட்டை, அதாவது 56.7 டிகிரி செல்சியஸை, நினைவூட்டத்தான் அந்த உயரம். வேகஸில் வாங்குவதானால் பழைய நகரப் பகுதியில் ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்ற புத்தகக் கடை இருக்கிறது.

அணையைச் சுற்றிப் பார்க்கும்போது புத்தகத்தைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. ஜூலை மாதத்தில் ‘கேடிலாக் டெசர்ட்’டை முன் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் போனேன். திரும்பி வந்து எடுத்தபோது முதுகுப் பசை இளகி, பக்கங்கள் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தன. இப்போதும் ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். இரவல் கேட்பவர்களுக்கு அப்படியேதான் கொடுக்கிறேன்.